ஐந்திணை வண்டியும் என் பேரனும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் கற்றோர் பேசுவது வழக்கம். நானோ இவ்வூர் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் 36 ஆண்டுகள் எண்ணெய்க் கறையோடு உழைத்து ஓய்வு பெற்றவன். கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் செயலாளர் அவர்கள், "உமக்குத் தெரிந்ததைப் பேசும், இரும்பைப் பற்றியாயினும் பேசும்" என்று பணித்துவிட்டார். ஆகவே ஒரு பழைய வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவ்வண்டியைச் செப்பனிட்டது பற்றியும், செப்பனிட்ட கையோடு நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் சொல்வேன். பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறேன்.

2022-ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் மகன் இல்லத்திற்குச் சென்றேன். ஆறு திங்கள் தங்க இசைவு கிடைத்திருந்தது. அவ்வூரில் வீட்டைச் சுற்றி ஐந்து ஏக்கர் புல்வெளி. பக்கத்து வீடு கூப்பிடு தொலைவிற்கும் அப்பால். பேச்சுத் துணைக்கு இருந்தவன் 13 அகவை நிரம்பிய என் பேரன் ஒருவனே. அவனுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது. எனக்கு அவன் பேசும் ஆங்கிலம் பாதி விளங்கும். முதல் இரண்டு வாரங்கள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே காலத்தைக் கழித்தோம்.

அண்டை வீட்டு உழவர் ஒருவர் தம் தானியக் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தார். வைக்கோலுக்கு அடியில் ஒரு விந்தையான வண்டி கிடந்தது. முன்னே ஒன்று, பின்னே இரண்டு ஆக மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் போல் பருத்தது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி; ஸ்கூட்டரின் இருக்கை; குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர மிதிவண்டியின் உருவம். மேலெல்லாம் துரு. எலி கூடு கட்டியிருந்தது. 150 டாலருக்கு அதனைக் கொடுத்தார். என் மகன், "அப்பா, இந்தக் குப்பை எதற்கு?" என்றான். பேரனோ அதன் மேல் ஏறி அமர்ந்து இறங்கவே மறுத்தான்.

அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். அது ஹோண்டா நிறுவனத்தார் செய்த ஏ.டி.சி. 90 என்னும் வண்டி. 1960-களில் அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் நன்றாக விற்றது. ஆனால் பனி பெய்யத் தொடங்கினால் யார் மோட்டார் சைக்கிள் வாங்குவர்? கடைக்காரர்கள் குளிர்காலம் முழுவதும் வாளாவிருந்தனர். பனியிலும் விற்கக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்று 1967-இல் ஜப்பானுக்கு எழுதினர். ஒசாமு தகேயுச்சி என்னும் பொறியாளர் இப்பணியை ஏற்றார். இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்து, முடிவில் மூன்றே போதும் என்று கண்டார். 22 அங்குல விட்டமுள்ள, காற்று மிகக் குறைவாய் அடைத்த பருத்த டயர்களை மாட்டினார். 1970-இல் யு.எஸ். 90 என்னும் பெயரோடு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. விலை 595 டாலர். பின்னர் ஏ.டி.சி. 90 எனப் பெயர் மாறிற்று. 1971-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் கதாநாயகன் பாலைவனத்தில் இதில் ஏறி ஓட்டுகிறான்.

இதனுள் இருப்பது 89 சி.சி. கொள்ளளவும் 7 குதிரைத்திறனும் உடைய சிறு எஞ்சின். சிலிண்டர் நிமிர்ந்து நில்லாமல் முன்னோக்கிப் படுத்திருக்கும். 1958-இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் என்னும் புகழ்பெற்ற சிறு வண்டியின் மரபு அது. நம் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் காணும் ஸ்பிளெண்டர் வண்டியைச் சற்றே குனிந்து பாருங்கள். அதன் சிலிண்டரும் முன்னோக்கிப் படுத்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். கடல் கடந்து போன இடத்தில் உறவினர் ஒருவரைக் கண்டாற் போன்று எனக்கு இருந்தது.

மணல், சேறு, பனி, புல், கல் என எந்நிலத்திலும் செல்லும் வண்டி இது. அதனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேரன் கேட்டான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்த செய்தியை அவனுக்குச் சொல்லி, இது ஐந்திணையும் திரியும் வண்டி என்றேன். அன்று முதல் அதன் பெயர் ஐந்திணை ஆயிற்று. தமிழ்ப் புலவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

நிற்க. இனிச் செப்பனிட்ட வகையைச் சொல்கிறேன். வீட்டிலேயே ஒரு பழைய இயந்திரத்தை உயிர்ப்பிக்க விரும்பும் இளைஞர் இங்கே இருப்பின் அவர்க்குப் பயன்படலாம்.

முதற்பாடம், அவசரம் கூடாது என்பது. கழற்றுவது எளிது, கழற்றியதை எங்கே பூட்டுவது என்று நினைவில் வைப்பதே அரிது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் பேரன் தன் கைப்பேசியில் மூன்று கோணங்களில் படம் எடுத்தான். கழற்றிய போல்ட்டையும் நட்டையும் முட்டை அட்டைக் குழிகளில் வரிசையாய் இட்டு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சீட்டு எழுதினோம். சீட்டைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. "முன் சக்கரம், இடப்பக்கம், நட்டு இரண்டு" என்று அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இரண்டாம் பாடம், திருகாணி. கூட்டல் குறி போன்ற பள்ளமுடைய திருகாணி எல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணுவர். அன்று. ஜப்பானியப் பழைய வண்டிகளின் திருகாணிக்கு அந்நாட்டு அளவே வேறு. அமெரிக்கத் திருப்புளியை அதில் இட்டு முறுக்கினால் முனை வழுக்கி மேலேறும், பள்ளம் மழுங்கும். அத்தகைய திருகாணிகள் பலவற்றின் தலையில் அடையாளமாகச் சிறு புள்ளி ஒன்று இருக்கும். என் பேரன் அவசரத்தால் இரண்டை மழுக்கிவிட்டான். பிறகு ஜப்பானிய அளவுத் திருப்புளி ஒன்றும், சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் திருப்புளி ஒன்றும் வாங்கினோம். துரு பிடித்த இடங்களில் ஊடுருவும் எண்ணெயை இரவே இட்டு வைத்து, மறுநாள் சிறிது சூடு காட்டி, அதன் பின்னரே முறுக்கினோம். இரும்பிடம் கெஞ்சினால் வரும், மிரட்டினால் முறியும். இது 36 ஆண்டுகளில் நான் கற்ற பாடம்.

மூன்றாவது, துரு. சிறு இரும்பு உறுப்புகளுக்கு மின்சாரத்தால் துரு நீக்கினோம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீரை நிரப்பிச் சிறிது சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த உறுப்பை 12 வோல்ட் பாட்டரிச் சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் நீரில் தொங்கவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் துரு கரும்பொடியாய் உதிரும். தூரிகையால் தேய்த்தால் போதும். இதில் எச்சரிக்கை இரண்டு. தகட்டிற்கு எவர்சில்வரைப் பயன்படுத்தலாகாது. நச்சுப்பொருள் நீரில் கலக்கும். மேலும் நீரிலிருந்து எழும் குமிழி ஹைட்ரஜன் வாயு, தீப்பற்றுவது. ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

பெட்ரோல் தொட்டிக்கு இம்முறை ஆகாது. தொட்டி காலியாகிவிட்டால் அச்சம் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் நீர்மப் பெட்ரோலைவிட அதன் ஆவியே கொடிது. காலித் தொட்டியில் ஒரு பொறி விழுந்தாலும் வெடிக்கும். ஆதலால் தொட்டியை நன்றாய்க் கழுவி, உள்ளே வினிகரை நிரப்பி மூன்று நாள் வைத்தோம். ஒரு பிடி நட்டுகளை உள்ளே இட்டுக் குலுக்கினோம். பேரனுக்கு அது திருவிழாக் கிலுகிலுப்பை. பிறகு சமையல் சோடா கலந்த நீரால் புளிப்பைப் போக்கி, உடனே உலர்த்தி, எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றி உள்ளே பூசினோம். உலர்த்தி அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் துரு படியும்.

நான்காவது, கார்புரேட்டர். பல ஆண்டுகள் தேங்கிய பெட்ரோல் கெட்டு, வார்னிஷ் போல் இறுகியிருந்தது. பெட்ரோல் செல்லும் பித்தளைத் துளைகள் மயிரிழை அளவின. அவற்றை எஃகுக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும். அப்பால் எஞ்சின் என்றும் சீராய் ஓடாது. கரைசலில் ஊறவைத்து, காற்றால் ஊதி, விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தோம். துளையின் வழியே ஒளி தெரிந்ததும் பேரன் துள்ளிக் குதித்தான். பழைய ரப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றினோம். இந்நாள் அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது; அந்நாள் ரப்பர் அதனைத் தாங்காது.

ஐந்தாவது, எஞ்சின். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெயை ஊற்றிக் காத்திருந்தோம். ஐந்து நாள் அசைவில்லை. ஆறாம் நாள் ஸ்பானரை மெல்ல அழுத்தியபோது ஒரு நூல் அளவு நகர்ந்தது. மறுபக்கம் ஒரு நூல். அரை மணி நேரத்தில் முழுச்சுற்று வந்தது. திறந்து பார்த்தபோது சிலிண்டர்ச் சுவரில் கீறல்கள் இருந்தன. நகரத்துப் பட்டறையில் துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையங்களும் இட்டோம். பழைய பிஸ்டனுக்கு மாற்றாக 0.25 மில்லிமீட்டர் படிகளாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கின்றன. வால்வுகளை அரைக்கும் பசை இட்டு, இருக்கையோடு பொருந்தும் வரை கையாலேயே உருட்டி அரைத்தோம். வால்வின் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அந்த மெல்லிய தகட்டை இடைவெளியில் செருகி இழுக்கும்போது விரலுக்குச் சிறு பிடிப்புத் தெரிய வேண்டும். அதனை நூல் சொல்லிக் கொடுக்காது. ஒரு கை மற்றொரு கையைப் பிடித்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் தொழிற்சாலையில் எனக்குக் கற்பித்த மூத்தவர் என் விரலைப் பிடித்தார். நான் பேரனின் விரலைப் பிடித்தேன்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். பழைய வண்டிகளின் பிரேக்குப் பட்டையில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை ஊதக்கூடாது, நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையில் கட்டி எறிய வேண்டும்.

டயரே இவ்வண்டியின் உயிர்நாடி. இதற்கு வில்லும் இல்லை, அதிர்ச்சி தாங்கும் கருவியும் இல்லை. பள்ளம் மேடு அனைத்தையும் டயரே விழுங்க வேண்டும். நம் ஸ்கூட்டருக்குச் சதுர அங்குலத்திற்கு 20 பவுண்டுக்கு மேல் காற்று அடிக்கிறோம். இதற்கோ ஏறத்தாழ 2 பவுண்டு. பெட்ரோல் நிலையத்து அளவுகோல் இத்துணைச் சிறு அழுத்தத்தைக் காட்டாது. தனி அளவுகோல் வேண்டும். கைப்பம்பால் மெல்ல அடித்தோம். பழைய டயர்கள் வெடித்துச் சருகாய் இருந்தமையால் புதியன வாங்க நேர்ந்தது. வண்டியின் விலையைப் போல் இருமடங்கு அதற்கே ஆயிற்று. என் மகன் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

இவ்வாறு மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு என நான்கு திங்கள் கழிந்தன. அதற்குள் பேரன் வாயில் திருப்புளி, குறடு, அரம், உப்புத்தாள், மரை, சுத்தியல் என்னும் சொற்கள் சரளமாய் வந்தன. "தாத்தா, மரை போயிடுச்சு" என்று அவன் ஒருநாள் சொன்னான். நான்கு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் வராத பேச்சு, ஒரு போல்ட்டின் மரை தேய்ந்தபோது வந்தது. மொழி என்பது தேவைப்படும் இடத்தில்தான் முளைக்கும் போலும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. தொடக்கக் கயிற்றை இழுத்தோம். உயிரில்லை. பத்து முறை இழுத்தும் பயனில்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்போடு தொடவைத்து இழுத்துப் பார்த்தால் பொறியே இல்லை. கான்டாக்ட் பாயின்ட் முனைகளில் வெண்படலம் படர்ந்திருந்தது. மெல்லிய அரத்தால் துடைத்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தோம். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் இருமிற்று. ஐந்தாம் இழுப்பில் ஓடிற்று. என் மருமகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "மாமா, நிஜமாகவே ஓடுதே!" என்றாள். பேரன் என்னைக் கட்டிக்கொண்டான். இருவர் சட்டையும் கரியாயிற்று.

அன்பர்களே! இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்வது என் பிழை.

வண்டி வீட்டிற்கு வந்த முதல் நாளே, உற்சாக மிகுதியால் பேரனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். "வேலை முடிந்ததும் முதலில் ஓட்டப்போகிறவன் நீதான்" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பியே அவன் கோடை விடுமுறை முழுவதும் விளையாட்டை விட்டு என்னோடு எண்ணெயில் உழன்றான். வண்டி ஓடிய அன்று மாலை, "முதலில் தாத்தா சரிபார்க்கட்டும், நாளைக்கு நீ" என்று சொல்லி நான் ஏறினேன்.

புல்வெளியில் மெல்லச் சென்றேன். ஒரு மரத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். கைப்பிடியைத் திருப்பினேன், வண்டி திரும்பாமல் நேரே சென்றது. இன்னும் திருப்பினேன். வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. நாற்பது ஆண்டுகளாய் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம். சாய்ந்ததும் என்னையறியாமல் காலைத் தரையில் ஊன்றினேன். ஊன்றிய காலுக்குப் பின்னால் உருண்டு வந்த பின்சக்கரம் என் கணுக்காலின் மேல் ஏறி என்னைக் கீழே இழுத்துப் போட்டது. மெல்ல வந்ததாலும் டயர் மென்மையானதாலும் எலும்பு தப்பியது. ஒரு வாரம் வீக்கம். குற்றம் வண்டியினுடையது அன்று. ஓட்டும் முறையறியாமல் ஏறிய என்னுடையது.

படுக்கையில் கிடந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன். மோட்டார் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காகவே காரின் பின் அச்சில் டிபரென்ஷியல் என்னும் உறுப்பை வைத்திருக்கிறார்கள். அவ்வுறுப்பை என் கையால் ஆயிரக்கணக்கில் பூட்டியிருக்கிறேன். இந்த வண்டியில் அது இல்லை. இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. ஆகவே வண்டி நேரே போகவே விரும்பும். ஓட்டுபவன் வெளிப்பக்கத்துக் கால்படியை அழுத்தி, உடலைத் திருப்பத்தின் உட்புறம் சாய்த்து, உட்சக்கரத்தின் சுமையைக் குறைத்தால்தான் திரும்பும். எக்காரணம் கொண்டும் காலைத் தரையில் வைத்தல் ஆகாது.

இன்னொன்று. நம் வீட்டில் நாற்காலியும் உண்டு, முக்காலியும் உண்டு. தரை மேடுபள்ளமாயின் நாற்காலி ஆடும். முக்காலி ஒருபோதும் ஆடாது. அதனால் முக்காலியே உறுதியானது என்று தோன்றும். ஆனால் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். முன்னதாகக் கவிழ்வது முக்காலியே. காலும் காலும் சேர்ந்த கோட்டிற்கு வெளியே பாரம் போனால் அது கவிழும். வேகமாய்த் திரும்பும் ஆட்டோ ரிக்ஷா உருள்வதும் இக்காரணத்தால்தான். நிற்கும்போது உறுதி, திரும்பும்போது இடர் என்பதே மூன்று கால்களின் இயல்பு. தொழில் தெரிந்த எனக்கே இது வண்டியில் ஏறும் வரை நினைவுக்கு வரவில்லை. ஆட்டம் இல்லாததை ஆபத்து இல்லாதது என்று கொண்டேன்.

பின்னர் இவ்வண்டிகளின் பிற்கால வரலாற்றையும் படித்தேன். 1980-களில் பல நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டிகளைச் செய்து விற்றன. எஞ்சின் பெரிதாயிற்று, வேகம் மிகுந்தது. அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளால் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவருள் 16 அகவைக்குட்பட்ட சிறுவர் பலர். 1988-இல் அரசுக்கும் விற்பனை நிறுவனங்களுக்கும் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 2008-இல் இயற்றிய சட்டம் அத்தடையை மேலும் உறுதியாக்கிற்று. பழைய வண்டியை வைத்திருப்பது குற்றம் அன்று. புதிதாய் விற்கவும் இறக்குமதி செய்யவும் வழியில்லை. அவ்விடத்தை நான்கு சக்கர வண்டி பிடித்துக்கொண்டது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா? வாக்கைக் காத்து, அவன் உயிரைப் பணயம் வைப்பதா? பிறர்க்கு இது சிறு செய்தி. எனக்கு அவ்விரவு மிக நீண்டது.

மறுநாள் அவனை அழைத்துச் சொன்னேன். "தம்பி, தாத்தா தப்புப் பண்ணிட்டேன். தெரியாமல் வாக்குக் கொடுத்துட்டேன். நீ இப்போது இதை ஓட்டக்கூடாது. 16 அகவை ஆகட்டும். முறையாய்ப் பழகு. தலைக்கவசம் வேண்டும். உன் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றேன்.

அவன் அறிவாளி. தானும் படித்திருந்தான். "அந்த உடன்பாட்டிலே 90 சி.சி. வரைக்கும் 12 வயசு போதும்னு இருக்கு. இது 89" என்றான். "அது நான்கு சக்கரத்துக்குச் சொன்னது. மூன்று சக்கரத்தை எந்த வயதுக்கும் விற்க வேண்டாம் என்றல்லவா முடிவு செய்தார்கள்?" என்றேன். அவன் விடவில்லை. "அப்படின்னா ஏன் தாத்தா இத்தனை நாள் என்னை வேலை செய்யச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

அவையோரே! அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இயந்திரத்தைப் பற்றி எத்தனையோ மேலதிகாரிகள் என்னைக் குடைந்து கேட்டிருக்கிறார்கள், தடுமாறியதில்லை. அந்தச் சிறுவன் முன் தலை குனிந்தேன். "வேலையில் உன்னோடு இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான்" என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றான் என் மகன். பழைய வண்டிகளைச் சேர்ப்போர் நல்ல விலை தருவர், செலவும் மீளும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் வண்டி அன்று, பேரனுடையது. அவன் சொல்லட்டும் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை கொட்டகைக்குச் சென்றேன். வண்டியின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. முட்டை அட்டைச் சீட்டில் எழுதிய அதே எழுத்து. "கால் கீளே வைக்காதே" என்று எழுதியிருந்தது. ழகரப் பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. என் வீங்கிய கால் அவனுக்கு நினைவிருந்தது. பின்னால் வந்து நின்றவன், "விற்க வேண்டாம் தாத்தா. நான் காத்திருக்கேன்" என்றான்.

அக்டோபர் இறுதியில் நான் இவ்வூர் திரும்பினேன். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கொட்டகைக்குச் சென்று எஞ்சினை ஓடவிடுகிறான், ஓட்டுவதில்லை. எண்ணெய் பார்க்கிறான், டயரில் 2 பவுண்டு காற்று இருக்கிறதா என்று அளக்கிறான். பின் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான், தமிழில். "தாத்தா, ஒரே இழுப்பு" என்பான். எனக்கு அந்த வாரம் நல்ல வாரம். அவனுக்கு 16 அகவை நிறையும் நாளில் நானும் அங்கே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

இதனால் நான் கற்றவை இரண்டு. செப்பனிடுதல் என்பது ஓடவைப்பதோடு முடிவதன்று. ஓடும் பொருளின் இயல்பை அறிந்து, அதற்கு எல்லை வகுப்பதும் அதில் அடங்கும். இளையோரிடம் வாக்குக் கொடுக்கும் முன் ஆராய வேண்டும். கொடுத்த வாக்குத் தவறாயின் அதனை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகள் நாம் எண்ணுவதைவிடப் பெருந்தன்மை உடையவர்கள்.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் நூலகம் உண்டு. இசை வகுப்பு உண்டு. தமிழ் வகுப்பும் உண்டு. வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று செயலாளர் தம் ஆண்டறிக்கையில் வருந்தினார். நூலகத்தின் பின்புறம் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. அங்கே ஒரு மேசை இடுங்கள். என் வீட்டிலுள்ள திருப்புளி, குறடு, அரம், ஸ்பானர் அனைத்தையும் சங்கத்திற்கே தந்துவிடுகிறேன். ஓடாத மின்விசிறியோ பழுதான மிதிவண்டியோ யாரேனும் கொண்டு வரட்டும். ஞாயிறுதோறும் காலையில் நான் வந்து அமர்கிறேன். பிள்ளைகள் வரட்டும், கழற்றட்டும், கெடுக்கட்டும், கேட்கட்டும். தமிழில் கேட்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.